குலக்கல்வித் திட்டம்

1953ஆம் ஆண்டு சென்னை மாநில முதலமைச்சர் சி. ராஜகோபாலாச்சாரி (ராஜாஜி) கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய ஏற்பாடு ஒன்றைக் கொண்டுவந்தார். அன்றாடப் பள்ளி நேரம் 5 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைந்தது. பிள்ளைகள் இரு அணிகளாக, காலையிலும் பிற்பகலிலும் மாறி மாறிப் படிப்பார்கள். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலைக் கற்பார்கள்.

பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலம் அது. இருப்பதைக் கொண்டே கூடுதல் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம், கைத்தொழிலும் கல்வியே என்பது அரசின் வாதம். கைவேலையைக் கல்வியாக மதிப்பதில் காந்தியின் ஆதாரக் கல்வியோடு இதற்கு உறவுண்டு. ஆனால் ஆதாரக் கல்வியில் தொழிலைப் பள்ளியே கற்பித்தது. இங்கே அது வீட்டிடம் விடப்பட்டது. சாதியும் தொழிலும் பின்னிக் கிடந்த ஊரில் சலவைத் தொழிலாளியின் மகனுக்கு எந்தத் தொழில் வாய்க்கும் என்பதில் ஐயமே இல்லை. திட்டத்தின் தீராத குறை இதுதான்.

பெரியார் இதைக் குலக்கல்வி என்று சாடினார். திராவிட முன்னேற்றக் கழகம் ஜூலையில் போராட்டத்தில் இறங்கியது. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. சட்டமன்றத்தில் திட்டம் மயிரிழையில் தப்பியது. திட்டத்தை ஆராய அமைக்கப்பட்ட பருலேகர் குழு அதை ஆதரித்தும் எதிர்ப்பு தணியவில்லை.

1954இல் ராஜாஜி பதவி விலகினார். ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார். மே மாதம் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார்.