தாடை மூட்டு வலி: துஆவும் வேண்டும், மருத்துவமும் வேண்டும்

காதோரம் வலித்தால் காதில் சொட்டு மருந்து விடுகிறோம். கடைவாய் வலித்தால் பல்லைப் பிடுங்கி விடுகிறோம். அதன் பிறகும் வலி நிற்காவிட்டால் கண்ணேறு என்று சொல்லி ஓதிப் பார்க்கிறோம். இப்படியே மாதங்கள் கழிந்த பிறகுதான் சிலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருப்பது தெரிய வருகிறது. அதற்குள் வாயைத் திறப்பதே சிரமமாகி விடுகிறது.

மூட்டு எங்கே இருக்கிறது?

காதுத் துளைக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலுக்குக் கீழே அசைவதுதான் தாடை மூட்டு. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று என இரண்டும் சேர்ந்தே இயங்குகின்றன. கதவுக் கீல் போல மடங்குவதோடு முன்னும் பின்னும் வழுக்கவும் செய்யும். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போன்ற ஒரு வட்டு உண்டு. அது இடம் விலகும்போது 'டக்' என்று சத்தம் வரலாம். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பொதுவாக சிகிச்சை தேவையில்லை.

எதனால் வருகிறது?

தூக்கத்தில் பல்லைக் கடிப்பது, கவலையிலும் கோபத்திலும் பற்களை இறுக்கிக் கொள்வது, அடிபடுவது, மூட்டு வாதம் ஆகியவை முக்கியக் காரணங்கள். 20 முதல் 40 வயதுக்குள், குறிப்பாகப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. வீட்டுக் கவலைகளை வெளியே சொல்லாமல் அடக்கிக் கொள்ளும் நம் சகோதரிகள் பலர் பல்லை இறுக்குவதைத் தாமே அறிவதில்லை. காலையில் எழும்போது தாடை கனத்து, நெற்றிப் பொட்டு வலித்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

பெரும்பாலோருக்கு எளிய கவனிப்பிலேயே வலி குறைந்து விடும். சில வாரங்களுக்குக் கஞ்சி, இடியாப்பம், குழைந்த சோறு போன்ற மெதுவான உணவு போதும். எலும்பு கடிப்பதையும் சூயிங்கம் மெல்வதையும் விடுங்கள். வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுங்கள். சும்மா இருக்கும்போது உதடுகள் மூடியும் மேல் கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொடாமலும் இருக்கட்டும்.

கொட்டாவி வந்தால் இயன்றவரை அடக்கவும் வாயைக் கையால் மறைக்கவும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்துள்ளார்கள். தாடை வலி உள்ளவர்களுக்கு மருத்துவர்களும் வாயை அகலத் திறக்காமல் கொட்டாவி விடச் சொல்கிறார்கள்.

யாரிடம் செல்வது?

ஓரிரு வாரத்தில் குறையாவிட்டாலோ, வலி கூடிக்கொண்டே போனாலோ பல் மருத்துவரிடம் செல்லுங்கள். தேவைப்பட்டால் அவர் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணரிடம் அனுப்புவார். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான சிகிச்சை உண்டு. தாடைப் பயிற்சி, இரவில் பற்களின் மேல் பொருத்தும் தகடு, குறுகிய கால மாத்திரை என்று சிகிச்சை தொடங்கும். மூட்டைக் கழுவும் ஊசி முறை அடுத்த கட்டம். அறுவை சிகிச்சை வெகு சிலருக்கே தேவைப்படும். தொடக்கத்திலேயே பல்லைப் பிடுங்கவோ ராவவோ சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக் கொள்ளுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். 50 வயதைக் கடந்தவருக்குப் புதிய தலைவலியும், மெல்லும்போது தாடை வலியும், பார்வை மங்கலும் வந்தால் அன்றே காட்ட வேண்டும். தாமதித்தால் பார்வையே பறிபோகலாம். திறந்த வாய் மூட முடியாமல் சிக்கிக் கொண்டால் தெரிந்தவர், சுளுக்கு எடுப்பவர் என்று தாடையைத் தள்ள விடாதீர்கள்.

பாக்கு, குட்கா பழக்கம் உள்ளவருக்கு மூன்று விரல் நுழையும் அளவுக்குக்கூட வாய் திறக்கவில்லை என்றால் அது மூட்டுக் கோளாறாக இல்லாமல், வாயின் உட்தோல் நார் போல இறுகும் நோயாக இருக்கலாம். அது புற்றுநோயாக மாறும் ஆபத்து உண்டு.

நோன்பும் ஓதலும்

வலி மாத்திரைகள் சில வெறும் வயிற்றைப் புண்ணாக்கும். எனவே ரமளானில் அவற்றை ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் உணவோடு எடுத்துக் கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். நோன்பு நோற்க முடியாத நோயாளி வேறு நாட்களில் நோற்க அல்லாஹ் அனுமதித்திருக்கிறான் (அல்பகரா 184, 185). ஹிஃப்ழ் பிள்ளைகள் தாடை வலிப்பதாகச் சொன்னால் சோம்பல் என்று கடிந்து கொள்ளாமல், இடைவெளி விட்டு ஓத உஸ்தாதுமார்கள் அனுமதிக்க வேண்டும்.

ஓதிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஆனால் மருத்துவம் செய்து கொள்ளுமாறு ஏவியவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தான். துஆ கேட்டுக்கொண்டே மருத்துவரிடம் செல்வதுதான் தவக்குல்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! ஆமீன்.