அயல்நாட்டு மாணவர்க்கான அறிவியல் ஆயத்தப் படிப்பு: ஒரு வரலாற்றுப் பார்வை

ஒரு நாட்டில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர் வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் அறிவியல், பொறியியல், மருத்துவம் போன்ற துறைகளில் சேர்வதற்கு முன் பயிலும் இடைநிலைப் படிப்பே அறிவியல் ஆயத்தப் படிப்பு. பெரும்பாலும் ஓராண்டு நடைபெறும் இதில் அந்நாட்டு மொழியும், கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களின் அடிப்படைகளும் சேர்த்துக் கற்பிக்கப்படுகின்றன. மலேசியாவிலும் பிரித்தானியாவிலும் இதைப் பவுண்டேஷன் என்றும், ஜெர்மனியில் ஷ்டூடியன்கொலேக் என்றும் அழைக்கின்றனர். தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன் கல்லூரிகளில் இருந்த பி.யூ.சி. என்னும் புகுமுக வகுப்பும் ஏறத்தாழ இதே வேலையைச் செய்தது. தமிழில் பள்ளிப் படிப்பை முடித்து, ஆங்கிலத்தில் அறிவியல் படிக்க வந்த கிராமத்து மாணவர் பலர் முதலில் தடுமாறியது அந்த வகுப்பில்தான்.

பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்துவிட்டால் மட்டும் போதுமா, உள்ளே வருபவர் பாடத்தைப் பின்தொடரும் நிலையை அடையவும் உதவ வேண்டுமா என்ற கேள்வியிலிருந்தே இப்படிப்பு பிறந்தது. உதவ வேண்டும் என்றால் அதற்கான செலவு யாருடையது என்பது அடுத்த கேள்வி.

தோற்றம்: தொழிலாளர் புலங்கள்

ரஷ்யப் புரட்சிக்குப் பின், 1918 ஆகஸ்டில் சோவியத் அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 16 வயது நிறைந்த எவரும் சான்றிதழோ நுழைவுத் தேர்வோ இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்றது அந்த ஆணை. ஆலைத் தொழிலாளரும் உழவர்களும் வந்து சேர்ந்தனர். ஆனால் பள்ளியில் இயற்கணிதமே படிக்காத ஒருவரால் உயர்கணித விரிவுரையைப் பின்தொடர முடியவில்லை. சேர்ந்தவர்களில் பலர் விரைவிலேயே விலகினர்.

இந்தக் குறையைப் போக்க 1919 பிப்ரவரியில் மாஸ்கோவின் வணிகக் கல்வி நிறுவனத்தில் முதல் தொழிலாளர் புலம் தொடங்கப்பட்டது. ரஷ்ய மொழியில் இதன் சுருக்கப் பெயர் ராப்ஃபாக். பகலில் படிப்பவர்க்கு 3 ஆண்டுகள், வேலை முடித்து மாலையில் வருபவர்க்கு 4 ஆண்டுகள் என்று பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. பள்ளிப் படிப்பின் சாரத்தை விரைவாகக் கற்பித்து மாணவரைப் பல்கலைக்கழக வாசலில் நிறுத்துவதே இதன் நோக்கம். நாட்டில் பள்ளிக் கல்வி பரவியதும் இதன் தேவை குறைந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராப்ஃபாக்குகள் மறைந்தன.

அப்படிப் படித்தவர்களுள் ஒருவர் நிகிதா குருஷேவ். சுரங்கப் பகுதியான யூசோவ்காவில் 1920களின் தொடக்கத்தில் ராப்ஃபாக் மாணவராக இருந்த அவர், பின்னாளில் சோவியத் நாட்டின் தலைவரானார். 1960 பிப்ரவரியில் இந்தோனேசியாவுக்குச் சென்றிருந்தபோது, ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவர்களுக்காக மாஸ்கோவில் ஒரு பல்கலைக்கழகம் அமையும் என்று அறிவித்தவரும் அவரே.

மாஸ்கோ மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம்

அக்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்தன. அந்த நாடுகளுக்கு மருத்துவர்களும் பொறியாளர்களும் வேளாண் வல்லுநர்களும் உடனே தேவைப்பட்டனர். அவர்களைப் பயிற்றுவிக்கப் போதுமான பல்கலைக்கழகங்கள் அங்கே இல்லை. மேலை நாடுகளும் சோவியத் நாடும் இந்த இளைஞர்களைத் தம் பக்கம் ஈர்க்கப் போட்டியிட்டன. மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் பனிப்போர்க் காலத்தின் இந்தச் சூழலில் உருவானது. காங்கோ தலைவர் பத்ரிஸ் லுமும்பா கொல்லப்பட்டபின், 1961 பிப்ரவரியில் அவர் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது.

இப்பல்கலைக்கழகத்தில் முதலில் இயங்கத் தொடங்கியது ஆயத்தப் புலம். 1960ஆம் ஆண்டின் பிற்பகுதியில் 59 நாடுகளிலிருந்து வந்த 539 மாணவர்களோடு வகுப்புகள் தொடங்கின. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கணிதமும் இயற்கை அறிவியலும் முதலான முதன்மைப் புலங்கள் அடுத்த ஆண்டில் செயல்பட்டன. வந்தவர்களில் பெரும்பாலோர்க்கு ரஷ்ய எழுத்துகூடத் தெரியாது. பள்ளிக் கல்வியின் தரமும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆயத்த ஆண்டு இல்லாமல் அங்கே எந்தப் பாடத்தையும் தொடங்கியிருக்க முடியாது. கல்விக் கட்டணம் இல்லை; உதவித்தொகையும் விடுதியும் அரசே அளித்தது. 1965இல் முதல் அணியாக 47 நாடுகளைச் சேர்ந்த 228 பேர் பட்டம் பெற்றனர்.

பாடமுறை: அறிவியலின் மொழி

ஆயத்தப் புலத்தின் முதல் வாரங்கள் முழுவதும் ரஷ்ய மொழிக்கே ஒதுக்கப்பட்டன. சிறு குழுக்களாகப் பிரித்து எழுத்து, ஒலிப்பு, அன்றாடப் பேச்சு ஆகியவற்றைக் கற்பித்தனர். அதன்பின் மாணவர் சேரவிருக்கும் துறைக்கேற்ப அறிவியல் பாடங்கள் சேர்க்கப்பட்டன. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல், வரைபடம்; மருத்துவத்துக்கு வேதியியல், உயிரியல், இயற்பியல் என்பது பொதுவான அமைப்பு.

இவ்வகுப்புகளை நடத்திய ஆசிரியர்கள் ஓர் உண்மையைக் கண்டனர். கடையில் ரொட்டி வாங்கத் தெரிந்த மாணவருக்கும் இயற்பியல் நூல் புரிவதில்லை. அறிவியலுக்கென்று தனி மொழிநடை உண்டு. அதே வேளையில் அந்த நடை, பேச்சு மொழியைவிட எளிதில் வரையறுக்கக்கூடியது. சில வாக்கிய அமைப்புகளே அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்ப் பாடநூலில் ‘ஓரலகு பருமனில் உள்ள நிறை அடர்த்தி எனப்படும்’, ‘நீர் ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இரு தனிமங்களைக் கொண்டது’, ‘வெப்பநிலை உயர்ந்தால் கனஅளவு கூடும்’ என்பன போல ரஷ்ய நூல்களிலும் சில அச்சுகள் உள்ளன. ‘எனப்படும்’, ‘கொண்டது’, ‘பொறுத்தது’, ‘எனில்’ ஆகியவற்றின் ரஷ்ய வடிவங்களைக் கற்றுக்கொண்ட மாணவர் பாடநூலின் பெரும்பகுதியைப் படிக்க முடிந்தது. துறைமொழிக் கற்பித்தல் என்னும் இம்முறை, வெளிநாட்டவர்க்கு ரஷ்யம் கற்பிப்பதில் தனிப் பிரிவாகவே வளர்ந்தது.

கலைச்சொற்கள் அடுத்த தடை. ஹைட்ரஜனுக்கு ரஷ்யத்தில் வோதரோத் என்று பெயர். நீரைப் பிறப்பிப்பது என்பது அதன் பொருள். ஆக்சிஜன், புளிப்பைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் கிஸ்லரோத். கார்பன், கரியைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் உக்லெரோத். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ வேதியியல் படித்து வந்தவர்க்குத் தெரிந்த பெயர்கள் இங்கே உதவவில்லை; எச், ஓ, சி என்னும் குறியீடுகளே கைகொடுத்தன.

கணிதக் குறிகளிலும் வேறுபாடு இருந்தது. இந்தியப் பள்ளிகளில் டேன் என்று எழுதும் கோணவிகிதத்தை ரஷ்யர்கள் டி, ஜி என்னும் இரண்டெழுத்துக் குறியால் எழுதுவர். தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இடுவதால் 3.14 அங்கே 3,14 ஆகும். வகுத்தல் கணக்கில் வகுக்கும் எண் வலப்பக்கம் நிற்கும். இவை சிறு செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் கணக்குத் தெரிந்த மாணவரையும் தேர்வில் வீழ்த்த இவை போதும். ஆயத்த ஆண்டு என்பது தெரிந்த அறிவியலை வேறு உடையில் அடையாளம் காணப் பழகும் காலமும் ஆகும்.

குறைகள்

மொழியையும் பாடத்தையும் கற்பித்த இந்த ஏற்பாட்டால் வகுப்பறைக்கு வெளியே இருந்த சிக்கல்களைத் தீர்க்க முடியவில்லை. கடுங்குளிர், தனிமை, கண்காணிப்பு ஆகியவற்றோடு நிறப் பாகுபாட்டையும் ஆப்பிரிக்க மாணவர்கள் சந்தித்தனர். 1963 டிசம்பரில் கானாவைச் சேர்ந்த மருத்துவ மாணவர் ஒருவர் மாஸ்கோ அருகே இறந்துகிடந்தபோது, நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்க மாணவர்கள் செஞ்சதுக்கத்தில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அந்தக் காலத்து மாஸ்கோவில் இது மிக அரிதான நிகழ்ச்சி. மாணவர்களைத் தனிப் பல்கலைக்கழகத்தில் வைப்பது அவர்களைப் பிரித்துவைப்பதே என்ற விமர்சனமும் எழுந்தது.

ஜெர்மனி

கிழக்கு ஜெர்மனி 1949இல் ராப்ஃபாக்கை ஒட்டித் தொழிலாளர் உழவர் புலங்களை அமைத்தது. 1951இல் லைப்சிக் நகருக்குப் படிக்க வந்த நைஜீரிய மாணவர்களுக்கு அத்தகைய புலமே ஜெர்மன் கற்பித்தது. அயல்நாட்டு மாணவர்க்கென்றே 1956இல் அங்கு உருவான நிறுவனம், 1961இல் ஹெர்டர் நிறுவனம் என்று பெயர் பெற்றது.

மேற்கு ஜெர்மனியில் ஷ்டூடியன்கொலேக் முறை வளர்ந்தது. இன்றும் அது தொடர்கிறது. பொறியியல், அறிவியலுக்கு டி பிரிவு, மருத்துவம், உயிரியலுக்கு எம் பிரிவு என்று துறைவாரியாக வகுப்புகள் உண்டு. வழக்கமாக இரண்டு பருவங்கள் படித்தபின் தகுதி நிர்ணயத் தேர்வு எழுத வேண்டும். இதில் சேரவே ஜெர்மன் மொழித் தேர்வு உண்டு. பல இடங்களில் கணிதத் தேர்வும் உண்டு. அரசு நிறுவனங்களில் கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் முடித்த இந்திய மாணவர் ஜெர்மனியில் இளநிலைப் பட்டத்தில் நேரடியாகச் சேர இயலாமல் போவதற்கும், இந்தியாவில் ஓராண்டு கல்லூரிப் படிப்போ ஐ.ஐ.டி.க்கான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்ச்சியோ கேட்கப்படுவதற்கும் பின்னணி இந்த அமைப்பே.

பிரித்தானியா: கட்டணம் வந்த கதை

பிரித்தானியப் பட்டப்படிப்பு பெரும்பாலும் 3 ஆண்டுகள். ஏ நிலைத் தேர்வுக்காக மூன்று அல்லது நான்கு பாடங்களை ஆழ்ந்து படித்தவரை எதிர்பார்த்து அமைந்தது அது. எனவே பதினோராம் ஆண்டில் பொதுத் தேர்வு எழுதும் மலேசிய மாணவர் போன்றோர்க்கு இடையில் ஒரு படி தேவைப்பட்டது.

1967 வரை அயல்நாட்டு மாணவரும் உள்நாட்டு மாணவரும் ஒரே கட்டணம் செலுத்தினர். அவ்வாண்டில் உள்நாட்டவர்க்கு 70 பவுண்டாக இருந்த கட்டணம் அயல்நாட்டவர்க்கு 250 பவுண்டாக உயர்த்தப்பட்டது. 1980இல் மார்கரெட் தாட்சர் அரசு, புதிதாகச் சேரும் அயல்நாட்டு மாணவர் முழுச் செலவையும் தாமே ஏற்க வேண்டும் என்றாக்கியது. மலேசியாவில் இது பெரும் அதிருப்தியை உண்டாக்கியது. 1981இல் மகாதீர் முகமது அரசு பிரித்தானியப் பொருள்களைக் கடைசியாக வாங்கும் கொள்கையை அறிவித்ததற்கான காரணங்களில் இக்கட்டண உயர்வும் ஒன்று.

இதன்பின் படிப்பின் ஒரு பகுதியைச் சொந்த நாட்டிலேயே முடிக்கும் ஏற்பாடுகள் பரவின. 1987இல் வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகங்கள் சில ஒன்றுசேர்ந்து, மலேசிய மாணவர்களை மனத்தில் கொண்டு ஒரு கூட்டமைப்பை உருவாக்கின. இன்று பவுண்டேஷன் என்னும் சொல் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ போலப் பழகிவிட்டது. பின்னர்த் தனியார் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து ஆயத்தப் படிப்புகளை நடத்த முன்வந்தன. கட்டணமின்றித் தொடங்கிய ஒரு படிப்பு பெரும் வணிகமாகவும் வளர்ந்தது.

இன்றைய நிலை

லுமும்பாவின் பெயர் 1992இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு 2023இல் மீண்டும் சூட்டப்பட்டது. ரஷ்யாவில் ஆயத்தப் புலங்கள் தொடர்கின்றன. தமிழ்நாட்டு மாணவர் பலர் அங்கே ஆங்கில வழியில் மருத்துவம் படிக்கின்றனர். எனினும் மருத்துவமனையில் நோயாளியிடம் பேச ரஷ்யம் தெரிந்தாக வேண்டும். மொழிப் பாடத்தை முதலாண்டிலேயே ஊன்றிப் படிக்காதவர் பின்னர் இடர்ப்படுகின்றனர்.

ஆயத்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் சிலவற்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. முடிவுத் தேர்வை எந்தெந்தப் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன? தேர்ச்சி பெற்றால் இடம் உறுதியா, விண்ணப்பிக்கும் தகுதி மட்டுமா? தோல்வியுற்றால் மீண்டும் எழுத வாய்ப்பு உண்டா? தங்குமிடமும் உணவும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?

1918இல் சான்றிதழ் கேட்காமல் கதவைத் திறந்த அரசு, அடுத்த ஆண்டே அது மட்டும் போதாது என்று கண்டது. அன்று அந்தக் கூடுதல் செலவை அரசு ஏற்றது. இன்று பல நாடுகளில் அதை மாணவரின் பெற்றோர் ஏற்கின்றனர். திறமை இருந்தும் பணம் இல்லாத மாணவருக்கு இந்த ஓராண்டு, ஏறும் படியாக அமைவதும் தடுக்கும் சுவராக அமைவதும் அதைப் பொறுத்ததே.