மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் ஒரு சின்னக் கொண்டென்சரும்

போன மாதம் எங்கள் நண்பன் ஒருவனின் அப்பப்பா விட்டுப்போன ஒஸ்ரின் ஏ40 நடுவழியில் நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே கராஜுக்குப் போனோம். எழுபது வயது கடந்த மெக்கானிக் ஐயா பொனற்றைத் திறந்து, டிஸ்ரிபியூற்றர் மூடியின் இரண்டு கிளிப்பையும் விரலால் தட்டிவிட்டு உள்ளே பார்த்தார். “பொயின்ற் கருகிப்போச்சு. கொண்டென்சர் செத்திட்டுது தம்பி, வேற ஒண்டுமில்லை” என்றார். அரை மணித்தியாலத்தில் கார் ஓடியது. அந்த அரை மணித்தியாலத்தில் அவர் சொன்னவைதான் எங்களை இந்தக் கட்டுரைக்குக் கொண்டுவந்தன.

முதலில் அந்தச் சாமான்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். பற்றரியில் இருப்பது 12 வோல்ற். பிளக்கில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ற் வேண்டும். கொயிலுக்குள் மின் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. பொயின்ற் எனப்படும் தொடுமுனைகள் சட்டென்று விலகி மின்னை அறுக்கும்போது அந்தப் புலம் சரிந்து, கொயிலின் மற்றச் சுற்றில் பெரிய அழுத்தம் பிறக்கிறது. சுழலும் றோட்டர் அதை 1-3-4-2 என்ற ஒழுங்கில் நாலு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கிறது. பொயின்ற் விலகும் இடத்தில் பொறி பறக்காமல் பார்ப்பது கொண்டென்சரின் வேலை. அது செத்தால் பிளக்கில் வரவேண்டிய பொறி பொயின்றிலேயே எரிந்து முடியும். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றறிங் 1910ஐ ஒட்டி கடிலாக் கார்களுக்காகச் செய்த முறை இது. இலத்திரனியல் முறை பரவும்வரை உலகமெங்கும் பெரும்பாலான பெற்றோல் கார்கள் இப்படித்தான் ஓடின.

எங்கட ஊரில் இந்தக் கார்கள் ஏன் இவ்வளவு காலம் தங்கின? ஒஸ்ரின் ஏ40 1947இலும் மொறிஸ் மைனர் 1948இலும் பிரித்தானியாவில் வெளிவந்தவை. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. 1970 முதல் 1977 வரை அவை இன்னும் இறுகின. புதுக்கார் கிடைக்காததால் இருந்ததைப் பேணினார்கள். 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. ஆனால் சில வருடங்களிலேயே வடக்கில் போர் மூண்டுவிட்டது.

1990 ஜூனில் போர் திரும்பத் தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையில் பெற்றோல், டீசல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் அடங்கின. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. கார்கள் மண்ணெண்ணெய்க்கு மாறின. மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலேசில் ஆவியாகாது. அதனால் கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் இறைத்த மண்ணெண்ணெய் வாட்டர் பம்புகளும் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவைதான். தோட்டத்தில் பழகிய கைதான் காருக்கும் வந்தது என்று நாங்கள் நினைக்கிறோம்.

ஆனால் கதை எரிபொருளோடு முடியவில்லை. சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிளக்கில் கரி படியவைக்கும். கரி பிடித்த பிளக்குக்குப் பலமான பொறி வேணும். பலமான பொறிக்கு நல்ல பொயின்றும் நல்ல கொண்டென்சரும் வேணும். அதுகளுக்கோ தடை.

“அப்ப என்ன செய்தனீங்கள் ஐயா?” என்று கேட்டோம்.

“பொயின்றை மண்தாளால தேய்ப்பம். தேய்ஞ்சு முடிஞ்சா, ஓடாமக் கிடக்கிற காரில கழட்டுவம். கொண்டென்சர் இல்லாட்டி வாட்டர் பம்பில இருக்கிறதைக் கழட்டி, வயர் இழுத்து வெளியால பூட்டுவம். இடைவெளி பாக்கக் கேஜ் இல்லை. சிகரெட் பெட்டி மட்டைதான்.” இந்தக் கார்களின் பொயின்ற் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு அளவில் இருக்கவேணும். மட்டை கிட்டத்தட்ட அந்தத் தடிப்புத்தான். பற்றரி சோர்ந்தால் முன்னால் கைபிடி செருகிச் சுற்றுவார்கள். இந்தக் கார்களில் அதற்கும் வழி இருந்தது.

இதைக் கேட்கும்போது ‘எங்கட ஆக்கள் கெட்டிக்காரர்’ என்று நெஞ்சு நிமிர்கிறது. உண்மைதான். ஆனால் அந்தப் பெருமையோடு நின்றுவிட்டால் ஒன்று மறைந்துபோகும். ஐயாவிடம் அதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. “பிள்ளைப்பேறுக்குக் கொண்டுபோற கார் றோட்டில நிண்டா, அது கெட்டித்தனமே?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. தடை மனிதரை விரும்பிக் கண்டுபிடிப்பாளர் ஆக்கவில்லை. வேறு வழி விடவில்லை, அவ்வளவுதான். ஓடிய கார்களைப் பற்றித்தான் கதை இருக்கிறது. ஓடாமல் நின்றவற்றுக்கு யார் கதை சொல்லுவது?

இதே 1990களில் தென்னிலங்கையில் மொறிஸ் மைனருக்கான உடற்பாகங்கள் செய்யப்பட்டு, பிரித்தானியாவில் இருந்த ஆர்வலர்களுக்குக் கப்பலேறின. ஒரே தீவு. அங்கே செய்த மட்காட் இங்கிலாந்துக்குப் போகலாம். யாழ்ப்பாணத்துக்கு ஒரு பிளக் வருவது பெரும்பாடு. தடை என்றால் என்னவென்று எங்களுக்கு விளங்கவைத்தது இந்தச் சின்ன விடயம்தான்.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது எங்கள் வயதுக்காரர் பலர் அதைத்தான் முதல் தட்டுப்பாடு என்று நினைத்தோம். வீட்டில் இருந்த பெரியாக்கள் பேசாமல் இருந்தார்கள். ஏன் என்று நாங்கள் அப்போது கேட்கவில்லை.

நண்பன் இப்போது பொயின்றைக் கழற்றிவிட்டு இலத்திரனியல் இக்னிஷன் பூட்ட யோசிக்கிறான். பூட்டட்டும், கார் ஓடுவதற்குத்தானே இருக்கிறது. பழையதைப் பூசையறையில் வைக்கச் சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் அந்தப் பொயின்றோடு சேர்ந்த அறிவு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை. அது சில கராஜ்களில், எண்ணெய் படிந்த சில கைகளில்தான் இருக்கிறது. உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருப்பார். போய்க் கதையுங்கள், ஃபோனில் பதிவு செய்யுங்கள். எப்படி ஓட்டினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். எங்கே நின்றுபோனது என்றும் கேளுங்கள்.