சரக்கு ரயில் சிறுவர்கள்

1930-களின் பெருமந்தக் காலத்தில், வேலை தேடிச் சரக்கு ரயில்களில் ஒளிந்து ஏறி அமெரிக்கா முழுவதும் அலைந்த பதின்வயதினர். நெருக்கடி முற்றியிருந்தபோது இவர்கள் சுமார் 2,50,000 பேர் இருந்ததாக மதிப்பிடப்பட்டது. பெண்களும் உண்டு, பாதுகாப்பு கருதிப் பலர் ஆண் உடையில் திரிந்தனர்.

சாகச ஆசையில் கிளம்பியவர்கள் சிலரே. 1933-இல் தொழிலாளர்களில் நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. தகப்பன் வேலையிழந்த வீட்டில், தான் போனால் தம்பி தங்கைகளுக்கு ஒரு வாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று மூத்த பிள்ளை புறப்பட்டுவிடும். இனி உன் பிழைப்பை நீயே பார்த்துக்கொள் என்று பெற்றோரே அனுப்பிவைத்ததும் நடந்தது.

ஓடும் ரயிலில் ஏறப் பழகுவது உயிர்ப் பிரச்சினை. பெட்டியின் முன்முனை ஏணியைத்தான் பற்ற வேண்டும்; பிடி நழுவினால் பெட்டியின் பக்கவாட்டில் மோதி வெளியே விழலாம். பின்முனை ஏணியில் நழுவினால் இரு பெட்டிகளுக்கு இடையே சக்கரத்தடியில் போக வேண்டியதுதான். உள்ளே ஏறியதும் கதவிடுக்கில் கட்டை செருகுவார்கள்; கதவு சாத்திக்கொண்டால் உள்ளிருந்து திறக்க வழியில்லை. தண்டவாள ஓரத்துத் தோப்புகளில் தகரடப்பாவில் கிடைத்ததைக் கொதிக்கவைத்துப் பகிர்ந்துண்டனர். பழம் பறிப்பு, பருத்தி எடுப்பு என அறுவடைக்கு அறுவடை இடம் மாறினர். ஊர்களோ ஓரிரவு தங்கவிட்டு மறுநாள் விரட்டின. சதர்ன் பசிபிக் ரயில் நிறுவனம் 1932-இல் மட்டும் ஆறரை லட்சம் தடவைக்கு மேல் ஆட்களை இறக்கிவிட்டதாகக் கணக்குக் காட்டியது.

கறுப்பின இளைஞர்களுக்கு ஆபத்து பன்மடங்கு. 1931 மார்ச் 25 அன்று அலபாமாவில் சரக்கு ரயிலிலிருந்து பிடிக்கப்பட்ட ஒன்பது பேர் மீது பொய்யான பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டப்பட்டது. சில வாரங்களிலேயே எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. முறையான வழக்கறிஞர் உதவி தரப்படவில்லை என்று 1932-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தும் வழக்கு பல ஆண்டு இழுத்தது. கடைசி மூவருக்கு அலபாமா அரசு மன்னிப்பு வழங்கியது 2013-இல், அவர்கள் இறந்த பிறகு.

மின்னசோட்டா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் தாமஸ் மினஹன் மாறுவேடத்தில் இந்தச் சரக்கு ரயில் சிறுவர்களோடு பயணம் செய்து 1934-இல் நூல் வெளியிட்டார். 1933-இல் அதிபர் ரூஸ்வெல்ட் தொடங்கிய இயற்கைவளக் காப்புப் படை, மரம் நடவும் பூங்காப் பாதை போடவும் இளைஞர்களுக்கு மாதம் 30 டாலர் கொடுத்தது. அதில் 25 டாலர் வீட்டுக்குப் போய்விடும். நிவாரணம் பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே தொடக்கத்தில் முன்னுரிமை என்பதால், வீட்டோடு தொடர்பற்றவர்கள் பலருக்கு அதில் நுழைவது கடினம். மிகவும் தேவைப்பட்டவர்களையே விலக்கியது அத்திட்டத்தின் பெருங்குறை. 1940-களின் தொடக்கத்தில் போர்க்காலத் தொழிற்சாலைகளும் ராணுவமும் ஆள் எடுக்கத் தொடங்கியபின்பே இந்த அலைச்சல் ஓய்ந்தது.