சேலம், நாமக்கல் சமவெளி: குறுகிய கால வானிலை முன்னறிவிப்பு

அடுத்த மூன்று நாள்கள் வரையிலான மழை, வெப்பம், காற்று நிலையை முன்கூட்டிச் சொல்வது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் சென்னை மண்டல மையம் இதை மாவட்டவாரியாக வெளியிடுகிறது. 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.4 மி.மீ.க்கு மேல் அதிகனமழை. கோடை மழையோடு எப்போதாவது ஆலங்கட்டியும் விழும்.

கணிக்கக் கடினமானது ஏப்ரல், மே மாதத்து மாலை இடிமழை. பகல் சூட்டில் எழும் முகில் ஓர் ஊரை நனைத்துவிட்டு அடுத்த ஊரை விட்டுவிடும். புயல் மழையை முன்னரே ஓரளவு சொல்லிவிடலாம். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறத் தொடங்கிய ஃபெஞ்சல் புயல், வலுவிழந்த பின்னும் உள்மாவட்டங்களில் கொட்டித் தீர்த்தது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது.

சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால் வெப்ப அலை. நாமக்கல்லில் இது கோழிப்பண்ணைக் கவலை: கோழிக்கு வியர்க்காது, மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். வெப்ப அயர்ச்சியில் தீனி எடுப்பு குறையும், முட்டையும் குறையும். ஆகவே நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வானிலைக் கணிப்போடு பண்ணையாளர்களுக்கான ஆலோசனையையும் சேர்த்தே வெளியிடுகிறது.