கம்பளிக் கையுறையும் அப்பாவின் புள்ளியும்

லோதி ரோட்டில் ஜனவரிக் குளிர். ஆபீஸ் வாசலில் டீ குடித்துவிட்டுப் பணம் அனுப்பலாம் என்று போனைத் தட்டுகிறேன், தட்டுகிறேன், அசையவே இல்லை. கம்பளிக் கையுறை! கழற்றி, விறைத்த விரலால் தொட்டதும் பணம் போய்விட்டது. டீக்கடைக்காரர் சிரித்தார்.

விஷயம் இதுதான். கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. நம் உடம்பும் மின்கடத்திதானே. விரல் பட்டால் அந்த இடத்தின் மின்தேக்குத் திறன் துளி மாறும். அதை அளந்துதான் திரை இடம் கண்டுபிடிக்கிறது. நடுவில் கம்பளி வந்தால் அந்த மாற்றம் போதாது. இந்தக் கெப்பாசிட்டிவ் ஜாதியை ஐபோனோடு பிறந்ததாக நினைக்காதீர்கள். 1965-லேயே இங்கிலாந்தின் மால்வர்ன் ரேடார் ஆய்வகத்தில் இ.ஏ.ஜான்சன் இதைப் பற்றிக் கட்டுரை எழுதிவிட்டார். அவர் நினைத்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு.

இன்னொரு ஜாதி ரெசிஸ்டிவ். 1970-களில் அமெரிக்காவில் சாமுவேல் ஹர்ஸ்ட் வளர்த்தது. இரண்டு படலங்கள், நடுவே மெல்லிய இடைவெளி, அழுத்தினால் ஒட்டும். விரலோ குச்சியோ கையுறையோ, அதற்குக் கவலையில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களின் சிம்ப்யூட்டர் 2004-ல் கடைக்கு வந்தபோது கூடவே ஒரு குச்சியும் வந்தது. 2011 அக்டோபரில் இதே டெல்லியில் கபில் சிபல் வெளியிட்ட ஆகாஷும் இந்த ரகம்தான். (எலெக்ட்ரானிக்ஸ் நிகேதன் என் ஆபீஸிலிருந்து நடக்கும் தூரம், ஆனால் ஆகாஷ் அங்கே பிறந்ததல்ல, மனிதவள அமைச்சகத்துக் குழந்தை.) அழுத்தி அழுத்தி விரல் வலிக்கிறது என்று எல்லோரும் திட்டினார்கள். அடுத்த வருடம் வந்த ஆகாஷ் 2 கெப்பாசிட்டிவுக்கு மாறியது. திட்டியவர்களில் நானும் ஒருவன் :-)

அந்த மாற்றத்தில் போனது பேனா. கும்பகோணத்தில் அப்பாவுக்கு இது பெரிய நஷ்டம். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் பேத்திக்குக் கையால் எழுதி அனுப்ப வேண்டும் அவருக்கு. ரப்பர் நுனிப் பேனா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். விரல் நுனி மாதிரி தடிமனாக இருந்தால்தான் திரை அதை மதிக்கும். மெல்லிய நுனி என்றால் மாற்றம் ரொம்பக் குறைவு. தடித்த நுனியை வைத்துக்கொண்டு 'ண்' மேல் புள்ளி எங்கே வைப்பது? உள்ளங்கை பட்டால் அதுவும் தனியாக ஒரு கோடு கிழித்தது. இரண்டே நாளில் பேனாவை அலமாரியில் போட்டுவிட்டார்.

வழி வேறு பக்கமிருந்து வந்தது. 2011-ல் சாம்சங் கேலக்ஸி நோட், திரைக்கடியில் இன்னொரு பலகை வைத்து, பேட்டரி இல்லாத பேனாவைக் காந்தப்புலத்தால் கண்டுபிடித்தது. 2015-ல் வந்த ஆப்பிள் பென்சில் பேட்டரியோடு தானே சமிக்ஞை அனுப்பும் ரகம். பேனா எது, உள்ளங்கை எது என்று திரைக்கு இப்போது பிரித்துத் தெரியும். நுனியும் மெல்லிசாகிவிட்டது.

தீபாவளிக்கு அப்படி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். போன வாரம் அப்பாவிடமிருந்து முதல் கடிதம், இரண்டு பக்கம். புள்ளி எல்லாம் அதனதன் இடத்தில். ஓர் ஒற்றுப் பிழையைப் பேத்திதான் கண்டுபிடித்தாள்.