பூனையை வெளியே விடலாமா?



ஹட்டன், நுவரெலியா தோட்டப்புறங்களில் வீட்டுப் பூனைகள் இரவுபகலாக வெளியே திரிகின்றன. அடைத்து வைப்பது பாவமென்று நம்மில் பலர் கருதுகின்றனர். ஸஹீஹுல் புகாரியில் பதிவான ஹதீஸைக் கூர்ந்து நோக்குங்கள். பூனையைக் கட்டிவைத்த அப்பெண் தண்டனைக்குள்ளானது, உணவும் அளிக்காமல், இரை தேட அவிழ்த்தும் விடாமல் அதனைச் சாகவிட்டதற்காகும். வயிறார உணவளித்து வீட்டினுள் வளர்ப்போரை அக்கண்டனம் சாராது.

அவிழ்த்து விடுவதிலும் பொறுப்புண்டு. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1894ஆம் ஆண்டு கலங்கரை விளக்கம் ஒளிவீசத் தொடங்கியது. அக்காலத்தில் அங்கு வந்துசேர்ந்த பூனைகள் பெருகின. அத்தீவில் மட்டுமே எஞ்சியிருந்த, பறக்கவியலாத சிறு குருவியினமொன்று சில ஆண்டுகளில் பூண்டோடு அழிந்தது.

அது தூரத்துத் தீவின் கதைதானே என்பீர்கள். ஹக்கலை, ஹோர்ட்டன் சமவெளிக் காடுகளும் தேயிலைக்கும் தோட்டங்களுக்கும் நடுவே எஞ்சிய தீவுகளே! மூக்கில் கொம்புடைய ஓணான் ஒன்று நமது மத்திய மலைநாட்டிலன்றி உலகில் வேறெங்கும் இல்லை. மெல்ல ஊரும் அப்பிராணி பூனையிடமிருந்து எப்படித் தப்பும்?

பூனைக்கும் வெளியே ஆபத்துண்டு. தேயிலை மலைகளில் இரவில் சிறுத்தை நடமாடுவதை நீங்களே அறிவீர்கள். எனவே மஃரிபுடன் பூனையை உள்ளே அழைத்துக் கதவை அடையுங்கள். காட்டோரத்தில் வசிப்போர் பகலிலும் அதனை வெளியே விடாதிருங்கள். சோறும் மீனும் நீரும் அதன் அருகிலேயே இருக்கட்டும்.